ஒன்றாவது நரம்பு நார்மல்

புட்டி காலி என்றுதான் முதலில் நினைத்தேன். மூடியைத் திறந்து மூக்கருகே வைத்தால் காப்பித்தூள் மணக்க வேண்டும். மணக்கவில்லை. ஆகவே காலி. சாய்த்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாகத் தூள் சரிகிறது. அப்படியானால் பழைய தூள். எந்த மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் புட்டி அப்படித்தான் இருக்கும், யாரோ ஒரு துறைத்தலைவர் காலத்தில் வாங்கி வைத்தது, அவர் ஓய்வு பெற்று, அவர் படம் சுவரில் ஏறி, படமும் மங்கிப்போன பிறகும் அதே தூள் அலமாரியில் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் அதை யாரும் திறப்பதில்லை. மூளையிலிருந்து நேராகக் கிளம்பி முகத்துக்கும் கழுத்துக்கும் வருகிற நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. அதில் முதலாவது மூக்குக்குரியது, வாசனை பிடிப்பது அதன் வேலை. அதைச் சோதிக்காமல் இரண்டாவதிலிருந்து தொடங்குவதுதான் எங்கள் டாக்டர் குலத்தின் வழக்கம். 'ஒண்ணாவது நரம்பு நார்மல்' என்று வாயால் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். நான் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், அப்படிச் சொன்னவர்களுக்கெல்லாம் பாஸ் போட்டேன். இந்த ஊர்க் கல்லூரிக்கு எம்.டி. தேர்வுக்கு வெளித்தேர்வாளராக வந்து இன்று காலையிலிருந்து பார்த்த பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். இந்தப் பெண் மட்டும், ரிஸ்வானா, வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, கட்டிலில் உட்கார்ந்திருந்த பாக்கியநாதனைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்குத் துவாரத்தை அடைத்து மற்றதில் காட்டினாள். அவர் டிராக்டர் ஓட்டுகிறவர், இடது பக்க முகம் கோணிப்போய் வந்து சேர்ந்தவர், எங்களுக்கு இன்றைய கேஸ். "காப்பித்தூளுங்க, சிக்கரி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். வெளித்தேர்வாளர் என்றால் எதையாவது சந்தேகப்பட வேண்டுமே, புட்டியைக் கொடும்மா என்று வாங்கி முகர்ந்தேன்.

எப்போது வாங்கியது என்று கேட்டேன். காலையில் வரும் வழியில், கடையில் கண்ணெதிரே அரைத்து வாங்கியதாகச் சொன்னாள். குரலில் லேசான பயம், ஏதோ தப்பு செய்துவிட்டோம் போல. பக்கத்தில் நின்ற உள்தேர்வாளர் கருணாகரன் என் கையிலிருந்து புட்டியை வாங்கி முகர்ந்து, நல்ல தூள்தான் மேடம், சாப்பாடு முடிந்ததும் இதையே போட்டுக் குடித்துவிடலாம் என்று சிரித்தார். ஆக, பாக்கியநாதன் மூக்குக்கு மணக்கிறது, கருணாகரன் மூக்குக்கு மணக்கிறது, அந்தப் பெண்ணுக்கும் மணந்திருக்கும். திரும்ப வாங்கி, மூக்கைச் சொறிகிற மாதிரி ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு இழுத்தேன். காற்று போகிறது. குளிர்ச்சி தெரிகிறது. தூளில் ஒரு பொடி உள்ளே போய் அரித்தது கூடத் தெரிகிறது. வாசனை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. இப்போதுகூட எனக்குப் பயம் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும், வந்தது வேறு ஒரு அரிப்பு, அட இது எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆசை. பார்வை போனால் இருட்டு என்கிறார்கள். காது போனால் அமைதி என்கிறார்கள். வாசனை போன பிறகு மிஞ்சுவதற்கு ஒரு பெயர்கூட இல்லை. வீட்டில் ஒருவர் சொல்லாமல் கிளம்பிப்போய், அவர் கிளம்பியதே தெரியாமல் நாம் வழக்கம்போல் நடமாடிக்கொண்டிருக்கிற மாதிரி. எப்போது கிளம்பியது? கடைசியாக எதை முகர்ந்தேன்?

இன்று காலை இந்த வார்டுக்குள் நுழையும்போது பினாயில் நெடி அடித்ததே. அடித்ததா? மூக்கில் எரிந்தது. எரிச்சல் வேறு, வாசனை வேறு, எரிச்சலைத் தூக்கிக்கொண்டு போவது ஐந்தாவது நரம்பு, முகம் முழுக்கத் தொடுகையும் வலியும் அதன் பொறுப்பு, மூக்கின் உட்புறமும் அதன் எல்லைக்குள் வருகிறது. ஸ்பிரிட், தைலம், பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் வருகிற இருமல், இதெல்லாம் ஐந்தாவதின் கைங்கரியம். முதலாமவர் கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகு ஐந்தாமவர் அவர் நாற்காலியில் உட்கார்ந்து எனக்குக் கணக்கு காட்டிக்கொண்டிருந்திருக்கிறார், நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நரம்பியல் பேராசிரியர். இதைத்தான் நான் வகுப்பில் சொல்வேன், வாசனை சோதிக்கும்போது காரமான நெடி எதையும் கொடுக்காதே, நோயாளி ஏமாற்றுவார், தெரிந்தல்ல, தெரியாமலே ஏமாற்றுவார் என்று. யாரும் சோதிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எத்தனை அழகாகச் சொல்லியிருக்கிறேன். ரிஸ்வானா இரண்டாவதுக்கு வந்துவிட்டாள், பார்வை நரம்பு. பாக்கியநாதனுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, விரலை ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவருகிறாள், தெரிந்ததும் சொல்லுங்க ஐயா. நானும் அவர் பின்னால் நின்று அவள் மூக்கையே பார்த்தபடி ஓரக்கண்ணால் அந்த விரலைத் தேடுகிறேன். தெரிகிறது. தெரிகிற மாதிரி இருக்கிறது. அவர் எனக்கு முன்னால் "தெரியுது" என்றாரே, அது அவர் கண் கூர்மையா, என் கண் மந்தமா, அல்லது நான் தள்ளி நிற்பதாலா? மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சில மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், காலையில் எழுந்தால் தலை கனக்கிறது, கண்ணாடிதான் காரணம் என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன், வேறு யாராவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால் உடனே ஸ்கேனுக்கு எழுதியிருப்பேன்.

ரசம். திடீரென்று ரசம் ஞாபகத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரர் தாமோதரன் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு சமையலை எடுத்துக்கொண்டார். எனக்கு வேலை இருக்கிறது, அவருக்கு நேரம் இருக்கிறது, நியாயமான ஏற்பாடு. முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது, ஒருநாள் அவர் வைத்த மிளகு ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போய் அதைப் பற்றியே பேசியது நினைவிருக்கிறது. பிறகு எப்போதோ ருசி குறைய ஆரம்பித்தது. புளிப்பு இருக்கும், உப்பு இருக்கும், ரசம் இருக்காது. வெந்நீரில் புளியைக் கரைத்து வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னேன். அவர் பெருங்காயத்தைக் கூட்டினார். அப்போதும் ஒன்றும் இல்லை. கட்டிப் பெருங்காயம் தேடி வாங்கி வந்து வறுத்துப் போட்டார், பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பா தெரு முழுக்க மணக்குது என்று சிரித்தாள், நான் சாப்பிட்டுப் பார்த்து இதில் பெருங்காயமே போடவில்லையே என்றேன். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் எப்படி விட்டேன்? வேண்டுமென்றே சொல்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், வேண்டுமென்றே கெடுக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவர் கரண்டியை வைத்துவிட்டு, "என் சமையல் பிடிக்கலையா இன்பவல்லி, இல்ல என்னையே பிடிக்கலையா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, ரெண்டும்னு வச்சுக்கோங்க என்றேன்.

பேனாவை மேலே தூக்கினால் மேலே, பக்கம் போனால் பக்கம், தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் நகர்த்துங்க ஐயா. மூன்று, நான்கு, ஆறு, கண்ணை உருட்ட மட்டும் மூன்று நரம்பு, அந்தச் சின்ன உருண்டைக்கு இவ்வளவு ஆட்கள். என் கண்ணும் பேனாவோடு போகிறது, எதுவும் இரண்டாகத் தெரியவில்லை. நல்லது. கருணாகரன் வாட்ச்சைப் பார்க்கிறார். ரெண்டும்னு வச்சுக்கோங்க. அதைச் சொன்னது யார்? இதுதான் இப்போது என்னைப் பிடித்துக்கொண்டு விடாத கேள்வி. மோப்ப நரம்பின் இழைகள் மூக்கின் கூரையில் சல்லடைக் கண்களாய் இருக்கிற மெல்லிய எலும்பின் வழியாக மேலே ஏறுகின்றன, அந்த எலும்பின் மேல்தான் மூளையின் முன்மடல் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடுக்கில் ஒரு கட்டி வளரலாம், மூளை உறையிலிருந்து, பெரும்பாலும் கெடுதல் இல்லாத ஜாதி, வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் பெருத்துக்கொண்டே போகும். முதலில் வாசனையைத் தின்னும். பிறகு முன்மடலை அமுக்கும், முன்மடல் என்றால் அடக்கம், இங்கிதம், சொல்ல வந்ததை விழுங்குவது. வீட்டுக்காரர்கள் வந்து, முன்னெல்லாம் இப்படி இல்லைங்க டாக்டர், இப்ப எரிஞ்சு விழறாங்க, எதுலயும் பிடிப்பே இல்லை என்பார்கள். நான் தலையாட்டிக் குறித்துக்கொள்வேன். தாமோதரனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் நான் எப்போதும் வெடுக்கென்று பேசுகிறவள்தானே, எங்கள் கல்லூரியில் எனக்குப் பச்சைமிளகாய் என்று பட்டப்பெயர், அது எந்தக் கட்டியும் வைத்த பெயரில்லை, அப்போது எனக்கு இருபது வயது. அப்படியானால் எது வரை நான், எங்கிருந்து அது? தாமோதரனின் முகத்தைப் பார்க்காமல் நான் அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, வருத்தம்கூட இல்லை, மோரை ஊற்றிச் சாப்பிட்டேன். அந்த மோரை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

பஞ்சைத் திரித்து அவர் நெற்றியில், கன்னத்தில், தாடையில் தொடுகிறாள், ஐந்தாவது. அப்புறம் ஏழாவது, முகநரம்பு, இந்த மனிதரின் பிரச்சினையே அதுதான். புருவத்தைத் தூக்குங்க என்றால் வலது புருவம் ஆச்சரியப்படுகிறது, இடது புருவத்துக்கு இந்த உலகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பல்லைக் காட்டுங்க, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. விசில் அடிக்க முடியுமா ஐயா என்றதும் அவர் உதட்டைக் குவித்துப் பார்த்து, காற்று ஓரத்தில் கசிந்துபோக, "டிராக்டர்ல போறப்ப அடிச்சிக்கிட்டேதான் போவேன்" என்றார். சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தார், பாதி முகத்தால். அவருக்கு இது பெரும்பாலும் சரியாகிவிடும், நான் அதைச் சொன்னேன், தேர்வு நடுவில் சொல்லக் கூடாது, சொன்னேன். அவருக்கு வந்தது காலையில் கண்ணாடியில் தெரிந்துவிட்டது. பெண்டாட்டி பார்த்தாள், தெரு பார்த்தது, மறுநாளே பஸ் ஏறிவிட்டார். எனக்கு வந்ததைப் பார்க்கக் கண்ணாடி கிடையாது. ஒரே ஒருவர் பார்த்தார், ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தில் ஊற்றி எதிரே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார், பார்த்ததைத் தன் கைப்பக்குவத்தின் குறை என்று எடுத்துக்கொண்டார்.

அப்போது பாக்கியநாதன் கோணிய வாயோடு, "பிரியாணி வந்துருச்சு போல" என்றார். கருணாகரன் உடனே நிமிர்ந்து, ஆமாம், துறையில் இறக்கியிருப்பார்கள் என்றார். வெளித்தேர்வாளர் வந்தால் பிரியாணி போடுவது இந்த நாட்டில் எழுதப்படாத சட்டம். ரிஸ்வானாகூட ஒரு கணம் மூச்சை இழுத்தாள், பாவம், தேர்வு பயத்தில் காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள். வார்டில் அடுத்த கட்டிலில் இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். வாசனை கதவு வழியாக நடந்துவந்து ஒவ்வொருவராகத் தொட்டு எழுப்பிக்கொண்டு போகிறது, என்னை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறது. நான் ஆழமாக மூச்சிழுத்தேன். காற்று. நல்ல காற்றுதான். அது எங்கே போகிறது, எதில் முட்டித் திரும்புகிறது என்று உள்ளேயே எட்டிப்பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சளி பிடித்துப் போயிருக்கலாம், வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு போயிருக்கலாம், வயசுக்கே போகும், நூறு சின்னக் காரணம் இருக்கிறது, நான் ஏன் நேராகப் போய்ப் பெரியதின் கையைப் பிடிக்கிறேன்? ஏனென்றால் தலைக்கனம். ஏனென்றால் அந்த விரல். ஏனென்றால் மோர்.

இசைக்கவையைத் தட்டி அவர் காதருகே வைக்கிறாள், எட்டாவது, எனக்கும் அந்த ரீங்காரம் கேட்கிறது, மெலிந்து மெலிந்து நிற்கிற வரைக்கும் கேட்கிறது. வாயைத் திறந்து ஆ சொல்லுங்க, ஒன்பதும் பத்தும். பத்தாவதுதான் எனக்கு எப்போதும் பிடித்தது, மற்றதெல்லாம் கழுத்தோடு நின்றுவிடும்போது இது மட்டும் இறங்கி இதயம், இரைப்பை, குடல் என்று ஊர் சுற்றுகிற நரம்பு, இதயத்தைப் பார்த்து மெதுவாகப் போ என்று சொல்கிறது. இப்போது சொல்வதாகத் தெரியவில்லை, என் நெஞ்சு காதுவரை அடிக்கிறது. தோளைத் தூக்குங்க, பதினொன்று. நாக்கை நீட்டுங்க, பன்னிரண்டு. நானும் வாய்க்குள்ளேயே நாக்கை நீட்டி அண்ணத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். முடித்துவிட்டு ரிஸ்வானா எங்கள் பக்கம் திரும்பி ஒப்பிக்கிறாள், ஒன்றாவது நரம்பு, இரண்டு பக்கமும் நார்மல். சோதித்துவிட்டுச் சொல்கிற அந்த வார்த்தை வேறு மாதிரி கேட்டது. கருணாகரன் கேள்விகள் கேட்டார், அவள் பதில் சொன்னாள், நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். யாரும் செய்யாததை நீ ஏன் செய்தாய்? அவள் தயங்கினாள். "எல்லாரும் விடறதால அங்க ஏதாவது இருந்தா யாருக்குமே தெரியாதே மேடம்" என்றாள்.

மதிப்பெண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டோம், உறைக்குள் வைத்து ஒட்டி, ஒட்டின இடத்தில் இன்னொரு கையெழுத்து. கருணாகரனிடம் நீங்கள் போய்ச் சாப்பாட்டைத் தொடங்குங்கள் என்றேன், அவருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிளம்பப் போன ரிஸ்வானாவைக் கூப்பிட்டேன். எந்த மாணவியும் தேர்வாளரிடம் கெட்ட செய்தி சொல்லமாட்டாள், மார்க் கையில் இருக்கிறவரை என் கண்ணில் என்ன தெரிந்தாலும் நார்மல் மேடம் என்றுதான் சொல்வாள், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் உறையைக் காட்டினேன். ஒட்டியாச்சு, இனி என்னால் உனக்கு நல்லதும் செய்ய முடியாது, கெட்டதும் செய்ய முடியாது என்றேன். பிறகு எதிரே இருந்த காலிக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன், செருப்பைக் கழற்றி. எத்தனையோ பேரை இதில் உட்காரச் சொல்லியிருக்கிறேன், கட்டில் இத்தனை உயரம் என்று தெரியாது, கால் தரைக்கு எட்டவில்லை. "இன்னொரு கேஸ் இருக்கு. ஒண்ணுலேர்ந்து ஆரம்பி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், நான் கையில் வைத்திருந்த புட்டியைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். நல்ல பிள்ளை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்ணை மூடுங்க மேடம் என்றாள். மூடினேன். ஒரு பக்கம் காட்டினாள், இல்லை என்றேன். மறுபக்கம், இல்லை என்றேன். பிறகு விளக்கு வைத்த கண்கருவியை எடுத்துக்கொண்டு குனிந்தாள், இதற்கு ஆளும் ஆளும் கன்னம் உரசுகிற தூரத்துக்கு வந்தாக வேண்டும். தூரத்தில் ஒரு இடத்தையே பாருங்க என்றாள், எதிர்க்கட்டிலில் பாக்கியநாதன் ஒரு கண் சரியாக மூடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் பார்த்தேன். வெளிச்சம் உள்ளே பாய்ந்தது, என் கண்ணின் ரத்தக்குழாய்களே எனக்குக் கிளைகிளையாய்த் தெரிந்தன, பார்த்ததே இல்லை, எவ்வளவு அழகு. அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது, ஐந்தாவது நரம்பு வேலை செய்கிறது. இடது கண்ணைப் பார்த்தாள். வலது கண்ணைப் பார்த்தாள். திரும்பவும் வலது கண்ணைப் பார்த்தாள். இந்தத் திரும்பவும் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், நான் எத்தனையோ பேருக்குத் திரும்பவும் பார்த்திருக்கிறேன். கருவியை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள், கோட்டுப் பையில் வைக்கப் போய் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "வலது பக்கம் பார்வை நரம்போட ஓரம் தெளிவா இல்ல மேடம், வீங்கியிருக்கு. நான் தப்பாவும் பார்த்திருக்கலாம்" என்றாள். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் வீங்குகிற இடம் அது. நீ தப்பாகப் பார்க்கிறவள் இல்லை என்றேன். மிச்சத்தையும் முடி என்றேன். அவள் பன்னிரண்டு வரைக்கும் முடித்தாள்.

வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "சாப்பிட்டியா?" என்றார், சண்டை போட்டுக்கொண்டிருக்கிற நாட்களிலும் அவர் முதலில் கேட்பது அதுதான். பின்னால் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது. நேற்று வைத்த ரசத்தில் என்னவெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டேன். இன்னும் அதில் என்ன குறை கண்டுபிடித்தாய் என்றார், கோபமாக இல்லை, களைப்பாக. "குறை ரசத்துல இல்லீங்க, என் மூக்குல. ரொம்ப நாளா எனக்கு வாசனையே தெரியல. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்" என்றேன். ஸ்கேன் எடுக்க வேண்டும், நீங்கள் கூட வர வேண்டும் என்றேன். அன்றைக்கு ரெண்டும் என்று சொன்னேனே, அதைச் சொன்னது நானா வேறெதுவுமா என்று தெரியவில்லை, ஆனால் ரெண்டுமே பொய் என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அவருக்கு எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. இப்போது அடுப்பில் என்ன என்று கேட்டேன். ரசம்தான், தாளிக்கப் போகிறேன் என்றார்.

"எப்படி மணக்குதுன்னு சொல்லுங்க" என்றேன்.

போனைப் பக்கத்தில் வைக்கிற சத்தம், கடுகு வெடிக்கிற சத்தம், கறிவேப்பிலை படபடக்கிற சத்தம். பிறகு போனை எடுத்து, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.